3 லட்சத்துக்குள் ஒரு கார்: தேடியதும் தொலைத்ததும்

"இன்டர்நெட்டில் இல்லாதது எதுவும் இல்லை. தேடினால் கிடைக்கும்" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நாம் எல்லோருமே சொல்லியிருப்போம். நானும் பல நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு பழைய காரைத் தேடி இரண்டு மாதம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த பிறகு, அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லத் தோன்றுகிறது. தேடினால் கிடைக்கும். ஆனால் கிடைப்பது நீங்கள் தேடியதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை!

என் தேவை மிகச் சிறியது. அப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போய் வர ஆட்டோதான். போகும்போது பரவாயில்லை. நாலு மணி நேரம் முடிந்து திரும்பும்போது அவரால் குனிந்து ஆட்டோவில் ஏற முடியவில்லை. கையில் 3 லட்சம் ரூபாய் இருந்தது. உட்காரும் இடம் சற்று உயரமாக உள்ள, வேகன் ஆர் போன்ற ஒரு பெட்ரோல் கார். ஒரே ஓனர் ஓட்டியதாக இருந்தால் நல்லது. அவ்வளவுதான்.

பழைய பொருள் விற்கும் தளங்களில் 'ஃபில்டர்' எனப்படும் வடிகட்டி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊர், விலை, வருடம், எரிபொருள், எத்தனையாவது ஓனர் என்று ஒவ்வொன்றாக டிக் செய்தால், பொருந்தாதவை மறைந்து பொருந்துபவை மட்டும் திரையில் நிற்க வேண்டும். நானும் மதுரை, 3 லட்சத்துக்குள், பெட்ரோல், முதல் ஓனர் என்று டிக் செய்து என்டர் தட்டினேன்.

வந்தது என்ன தெரியுமா? முதல் வரிசையில் நான்கு கார்கள். நான்குமே 5 லட்சத்துக்கு மேல். ஓரத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருந்தது. அடுத்து வந்தவற்றில் ஒன்று சேலத்தில், ஒன்று சென்னையில். 'உங்கள் ஊருக்கு அருகில்' என்றது தளம்! மதுரைக்காரனுக்குச் சென்னை எப்படி அருகில் ஆகும்? இன்னொன்றில் விலை 65,000 ரூபாய். ஆவலோடு கிளிக் செய்தால், அது முன்பணம் மட்டுமாம். மீதி மாதத் தவணையாம்.

ஒருவழியாகப் பொருத்தமான ஒன்று கண்ணில் பட்டது. போன் நம்பரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் என் நம்பரைக் கொடுக்க வேண்டும் என்றது தளம். கொடுத்தேன். நான் போன் செய்தபோது எதிர்முனையில் வந்த பதில், "அது போன வாரமே போயிடுச்சு சார். வேற ஒண்ணு இருக்கு, மூணு அறுபதுக்கு வரும், பாக்குறீங்களா?" அன்று மாலைக்குள் எனக்கு 11 அழைப்புகள் வந்தன. கார் லோன், கார் இன்சூரன்ஸ், வேறு புரோக்கர்கள். நான் தேடிய வேகன் ஆர் பற்றி ஒன்றுகூட இல்லை.

அதே வாரத்தில் இன்னொரு வேடிக்கை. ஒரே சிவப்பு நிறக் கார், ஒரே சுவர், சுவர் ஓரத்தில் அதே வாழை மரம். மூன்று பெயர்களில், மூன்று விலைகளில் மூன்று விளம்பரங்கள்! மூன்றிலும் 'நேரடி ஓனர், புரோக்கர்கள் தொடர்பு கொள்ள வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

கோவைக்குப் போன கதை

இதுவரை சொன்னது எரிச்சல்தான். நஷ்டம் இனிமேல்தான்.

கோவையிலிருந்து ஒரு விளம்பரம். 2016ம் வருட மாடல், முதல் ஓனர், 28,000 கி.மீ. மட்டுமே ஓடியது, விலை 2.85 லட்சம். படங்கள் பளிச்சென்று இருந்தன. நம்பர் பிளேட் மட்டும் வெள்ளையாக அழிக்கப்பட்டிருந்தது. போனில் பேசியவர், "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க. 5,000 டோக்கன் போட்டுட்டா உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்" என்றார். அப்பா அடுத்த அறையில் படுத்திருந்தார். யோசிக்காமல் போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அதிகாலை பஸ் ஏறி 200 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து போய்ச் சேர்ந்தேன். கார் இருந்தது. ஆனால் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தால், ஓனர் வரிசை எண் 3. வங்கிக் கடன் குறிப்பும் நீக்கப்படாமல் அப்படியே இருந்தது. நான்கு டயர்களிலும் தயாரிப்புத் தேதி 2019. 28,000 கி.மீ. மொத்தமே ஓடிய வண்டிக்கு மூன்று வருடத்திலேயே நான்கு டயரும் ஏன் மாற்றினார்கள்? கேட்டேன். "பழைய ஓனர் மாத்தினது, நமக்குத் தெரியாது சார்" என்றார். கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மீட்டரை நம்புவதா, பெடலை நம்புவதா? டோக்கன் பணம் திரும்பி வரவில்லை. அன்று அப்பாவை என் தம்பிதான் ஆட்டோவில் அழைத்துப் போனான்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம் அந்த மனிதர் மேல் மட்டும் வரவில்லை. 'முதல் ஓனர்' என்று நான் டிக் செய்தேனே, அந்தத் தளம் என்ன செய்தது? விற்பவர் கட்டத்தில் எதைத் தட்டினாரோ, அதையே எனக்குத் திருப்பிக் காட்டியது. நாம் வடிகட்டி என்று நினைப்பது உண்மையில் எதையும் வடிகட்டுவதில்லை.

ஏன் இப்படி?

பழைய நாட்களில் செய்தித்தாளில் வரி விளம்பரம் கொடுத்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் காசு. அதனால் மாடல், வருடம், விலை, போன் நம்பர் என்று தேவையானதை மட்டும் எழுதுவார்கள். வண்டி விற்றதும் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள். இன்டர்நெட்டில் பெரும்பாலும் விளம்பரம் இலவசம். விற்றுப்போன வண்டியின் விளம்பரத்தை நீக்குவதால் புரோக்கருக்கு ஒரு லாபமும் இல்லை. நீக்காமல் விட்டால் தினமும் நாலு பேர் போன் செய்வார்கள். அதில் ஒருவராவது வேறு வண்டி வாங்க மாட்டாரா? தேதி பழையதாகி விளம்பரம் கீழே போனால், அதையே அழித்துவிட்டு இன்று புதிதாகப் போட்டதுபோல மறுபடி ஏற்றிவிடுகிறார்கள்.

பணம் கட்டும் விளம்பரம் மேலே வருகிறது, கட்டாதது பத்தாம் பக்கத்துக்குப் போகிறது. அதாவது, தளத்துக்கு வாடிக்கையாளர் விற்பவர்தான். வாங்க வந்த நாம் அவருக்குக் காட்டப்படும் கூட்டம். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பழைய ஓனரிடம் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, தன் பெயருக்கு மாற்றாமலே வண்டியை அடுத்தவருக்கு விற்கும் வழக்கம் நம்மிடம் பல காலமாக இருக்கிறது. அப்படி நாலு கை மாறிய வண்டியும் ஆர்.சி.யில் 'முதல் ஓனர்' என்றே காட்டும்! இது விற்றவருக்கும் ஆபத்து. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய வாகனம் விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய விதிகளும் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. டீலரிடம் வாங்குபவர்கள் "அந்தச் சான்று இருக்கிறதா?" என்று கேட்பதில் தவறில்லை.

நான் கற்றுக்கொண்டவை

கோவையிலிருந்து வந்த பிறகு தேடும் முறையையே மாற்றினேன். உங்களுக்கும் பயன்படலாம்.

1. முதல் கேள்வி விலை அல்ல, வண்டி நம்பர். நம்பர் தராதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். நம்பர் கிடைத்தால் அரசின் பரிவாகன் தளத்திலோ, எம்பரிவாகன் ஆப்பிலோ உங்கள் மொபைல் எண்ணைக் கொண்டு பதிவு செய்து, பதிவுத் தேதி, எரிபொருள் வகை, இன்சூரன்ஸ் முடியும் தேதி ஆகியவற்றைப் பார்க்கலாம். போக்குவரத்து அபராதம் பாக்கி உள்ளதா என்பதை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். ஓனர் வரிசை எண், கடன் குறிப்பு இரண்டையும் ஆர்.சி.யின் இரு பக்கப் படத்தையும் அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

2. விளம்பரப் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்தால், குரோம் பிரவுசரில் கூகுள் லென்ஸ் மூலம் அந்தப் படத்தைத் தேடும் வசதி வரும். அதே படம் வேறு ஊரில் வேறு பெயரில் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

3. எக்செல் போன்ற ஒரு விரிதாளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி போடுங்கள். நம்பர், விலை, பேசிய தேதி, சொன்ன கி.மீ. இரண்டாம் முறை பேசும்போது கி.மீ. மாறினால் உடனே தெரியும்.

4. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ம் வருடத்தின் 23வது வாரத்தில் தயாரானது. டிஜிட்டல் மீட்டரை மாற்றி எழுதும் கருவிகள் இருக்கின்றன. டயர், பெடல், ஸ்டீயரிங் தேய்மானம், சர்வீஸ் ரசீதுகள் ஆகியவற்றை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. வண்டியையும் அசல் ஆவணங்களையும் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், வண்டியை அனுப்பி வைக்கிறேன்' என்று மிகக் குறைந்த விலை சொல்லும் கதை மிகப் பழைய மோசடி. நீங்கள் எதையாவது விற்கும்போதும் கவனம் தேவை. பணம் பெறுவதற்கு கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ, யுபிஐ பின் எண்ணை அழுத்தவோ தேவையே இல்லை. அப்படிச் செய்தால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

6. வாங்கிய பின் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

தளங்கள் செய்ய வேண்டியது

வாங்குபவன் இவ்வளவு துப்பறிய வேண்டுமானால் தளம் எதற்கு? என் கேள்வி இதுதான். நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. விளம்பரம் ஏற்றும்போதே வண்டி நம்பரையும் ஆர்.சி. படத்தையும் வாங்கட்டும். 'நம்பரை ஊருக்கே காட்டினால் தவறாகப் பயன்படுத்துவார்கள்' என்று விற்பவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஊருக்குக் காட்ட வேண்டாம். தளம் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஓனர் எண்ணும் வருடமும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றன என்று ஒரு வரி மட்டும் போடட்டும். நம்பர் ஒன்றுதான் என்பதால் ஒரு வண்டிக்கு மூன்று விளம்பரம் போடுவதும் நின்றுவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை 'வண்டி இன்னும் இருக்கிறதா?' என்று விற்பவருக்குச் செய்தி அனுப்பட்டும். பதில் இல்லையா, விளம்பரத்தை எடுத்துவிடட்டும். நான் 3 லட்சம் என்று டிக் செய்தால் 5 லட்சம் காருக்கு முதல் இடம் தராமல் இருக்கட்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. மனம்தான் தேவை.

கடைசியில் கார் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. அதே தளங்களில் ஒன்றில்தான், பதினோராவது பக்கத்தில். திண்டுக்கல்லில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் போட்டது. படங்கள் மங்கல். ஒன்றில் அவர் விரல்கூட விழுந்திருந்தது. ஆனால் நம்பர் பிளேட் முழுதாகத் தெரிந்தது, ஆர்.சி. படமும் இருந்தது. விவரத்தில், "பின் பக்கக் கதவில் ஒரு கீறல் உண்டு. 61,000 கி.மீ. ஓடியது" என்று எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தேன். கீறல் அவர் சொன்ன இடத்தில் சொன்ன அளவில் இருந்தது. 2.70 லட்சத்துக்கு முடிந்தது.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அப்பா முன் சீட்டில் குனியாமல் உட்கார்ந்து மருத்துவமனைக்குப் போய் வருகிறார். உண்மையைச் சொன்ன விளம்பரம் ஏன் பதினோராவது பக்கத்தில் கிடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் தேடும்போது முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள்.