பணியாரமும் மறுபிள்ளையும்

பிரசவ விடுதிகளில் மருத்துவர்களும் தாதியரும் நாள்தோறும் சொல்லும் ‘பிளசென்டா’ என்னும் பதத்தின் பூர்விகம் வைத்திய சாஸ்திரத்தில் இல்லை, சமையற்கட்டில் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பு, கண்டிப்புக்கும் சிக்கனத்துக்கும் பேர்போன கேட்டோ என்னும் ரோமாபுரிப் பெரியவர், வேளாண்மையைக் குறித்துத் தாம் இயற்றிய லத்தீன் நூலில், திராட்சைத் தோட்டம், ஒலிவ எண்ணெய், அடிமைகளுக்கு அளக்க வேண்டிய தானியம் ஆகிய விஷயங்களினிடையே, ‘பிளசென்டா’ என்ற பணியாரத்துக்கும் பக்குவம் எழுதிவைத்திருக்கிறார். புளிப்பேறாத புதிய செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி 14 ராத்தலும் நல்ல தேன் நாலரை ராத்தலும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய மாவுத் தகடுகளின் இடையிடையே பரப்பி, மூடிவைத்துச் சுட வேண்டுமாம். அவருடைய சிக்கனம் அன்று எங்கே போயிருந்ததோ! தட்டையானது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லே லத்தீனில் இவ்வாறு உருமாறியது. ருமேனியாவில் ‘பிளசிந்தா’ என்றும், ஹங்கேரியில் ‘பாலசிந்தா’ என்றும் அப்பெயர் இன்றும் உண்ணும் பண்டத்துக்கே வழங்குகிறது.

இந்தப் பலகாரப் பெயரைக் கர்ப்பத்துக்குள் கொண்டுபோனவர், பாதுவாவிலும் பின்னர் ரோமிலும் சரீர சாஸ்திரம் போதித்த ரியால்டோ கொலம்போ. 1559-இல் வெளிவந்த அவருடைய நூலில்தான், சிசுவுக்குப் பின் வெளிப்படும் அவயவத்துக்குப் ‘பிளசென்டா’ என்ற பெயர் நிலைபெற்றது. பிரசவம் முடிந்தபின் தாதி அதைத் தட்டில் விரித்துப் பார்க்கும்போது, ஒரு புறம் வழவழப்பாய், நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், தொப்புள்கொடி வந்து சேரும் இடத்திலிருந்து இரத்தக்குழாய்கள் நாற்புறமும் பிரிந்தோடத் தோன்றும். மறுபுறத்தைத் திருப்பினால் கருஞ்சிவப்பாய், பதினைந்து இருபது மடல்களாய்ப் பிளவுபட்டிருக்கும். அம்மடல்களுள் ஒரு துணுக்கேனும் உள்ளே தங்கிவிட்டால் தாயின் உதிரப்போக்கு நில்லாது. ஆதலால் ஒன்றும் குறையவில்லை என்பதைத் தாதி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகே நிமிர்வாள். சுமார் அரைக் கிலோ எடையும் ஒரு சாண் விட்டமும் உள்ள அந்த வட்டத்தைக் கண்ட இத்தாலிய ஆசிரியருக்குப் பணியாரம் நினைவுக்கு வந்ததைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஆயினும் அப்பெயர் மனித இனத்துக்கும் வேறு சில பிராணிகளுக்குமே பொருந்தும். நாய்க்கு இது அரைக்கச்சையைப் போல் கருவைச் சுற்றி வளைந்திருப்பது; பசுவுக்கோ சவ்வெங்கும் சிதறிய, நூற்றை ஒட்டிய தனித்தனிக் குமிழ்கள்; குதிரைக்கு வட்டமும் இல்லை, குமிழும் இல்லை, சவ்வு முழுவதுமே அந்த வேலையைச் செய்கிறது. சரீர சாஸ்திரத்தின் தந்தை என்று போற்றப்படும் வெசேலியசே தமது 1543-ஆம் ஆண்டு மகாநூலில், மனித சிசுவுக்கு நாயின் கச்சையை வரைந்துவிட்டு, 1555-இல் வந்த மறுபதிப்பில் திருத்திக்கொண்டார்.

பணியாரத்தின் பெயர் பின்னர்ப் பல தேசங்களுக்கும் பரவியது. ஜெர்மானியர் அதைத் ‘தாய்ப் பணியாரம்’ என்று தம் பாஷையில் ஆக்கிக்கொண்டனர். டச்சுக்காரரும் சுவீடன் தேசத்தாரும் அவ்வாறே. ஹங்கேரியர் ‘கருப்பை அடை’ என்றனர். சீனரும் ஜப்பானியரும் ‘கருத்தட்டு’ என்கிறார்கள். ஆனால் பண்டிதர் பேச்சை விட்டு மருத்துவச்சிகளின் பேச்சுக்குச் செவிகொடுத்தால் வேறோர் உலகம் தெரிகிறது. ஆங்கிலத்தில் ‘பின்பேறு’ என்று பொருள்படும் சொல்லும், பிரெஞ்சில் ‘பின்வரும் சுமை’ என்பதும், ருஷ்ய பாஷையில் ‘குழந்தையின் இடம்’ என்பதும் அவர்கள் வாயில் வழங்கியவையே. ஐஸ்லாந்தியர் வைத்த பெயரான ‘ஃபில்க்யா’, மனிதனைப் பிறவி முதல் தொடர்ந்து வரும் காவல் தேவதையையும் குறிக்கும். ஜாவாத் தீவினர் அதைக் குழந்தையின் உடன்பிறப்பு என்றே கொண்டு, ‘தம்பி’ என அழைத்து, மரியாதையுடன் புதைக்கிறார்கள். நம் அண்டை நாட்டு மலையாளத்தார் ‘மறுபிள்ளை’ என்கிறார்கள்.

தமிழர் நாம் நஞ்சுக்கொடி என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் சூல்வித்தகம் என்கின்றன. கன்றீன்ற பசு ‘கொடி போட்டுவிட்டதா’ என்று தொழுவத்தில் கவலையுடன் விசாரிக்கும் நம் குடியானவர், அதை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, பால் வடியும் ஆலமரத்துக் கிளையில் தொங்கவிடுவதும், அதனால் பசுவின் மடி சுரக்கும் என்று நம்புவதும் பல கிராமங்களில் உள்ள வழக்கம். வட்டத்தை விட்டு, அதனின்று நீளும் கொடியையே நம்மவர் கண் பற்றிக்கொண்டது.

தாவர சாஸ்திரிகளும் இப்பதத்தை இரவல் வாங்கி, சூலகத்தினுள் விதைகள் ஒட்டியிருந்து போஷணை பெறும் திசுவுக்கு இட்டுக்கொண்டனர். பச்சைமிளகாயைக் கீறினால் நடுவே விதைகளைத் தாங்கி நிற்கும் வெளிறிய தசை அதுதான். மிளகாயின் காரம் ஊறுவது அங்கேதான். விதையே காரம் என்று எண்ணி அதை மட்டும் உதறிவிட்டுச் சமைப்பவர்கள் கண்ணீர் விடுவதற்குக் காரணம் இதுவே.

இத்தனை பெயர்களுள் எது சிறந்தது என்று கேட்டால், நான் பணியாரத்தை ஒதுக்கிவிட்டு மலையாளத்தாரின் பக்கம் நிற்பேன். கருவுற்ற ஐந்தாம் நாளளவில் உயிரணுத் திரள் இரண்டாகப் பிரிகிறது, உட்திரள் பிள்ளையாகிறது, வெளிப்படலம் கருப்பைச் சுவரில் வேரூன்றி, தாயினுடைய திசுவின் துணையோடு இந்த அவயவமாகிறது. ஆகவே இது பெரும்பாலும் தாயின் உடலில் விளைந்ததன்று; பிள்ளை எந்தக் கருவிலிருந்து உண்டாயிற்றோ அதே கருவிலிருந்து, தந்தையின் கூறும் தாயின் கூறும் கலந்து பிறந்தது. ஜாவாக்காரர் மட்டும் முறையில் சற்றே பிசகிவிட்டார்கள்: பிள்ளையின் உடல் உருக்கொள்ளத் தொடங்குவது மூன்றாம் வாரத்தில், இதுவோ இரண்டாம் வாரத்திலேயே கருப்பையில் இடம் பிடித்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. கடைசியில் வெளிவந்தாலும் இது தம்பி அன்று, தமையன்.