வேடம், வேட்டை, வெட்டு

மே மாதத்தில் திருப்பதிக்குப் போகும் தமிழர்கள் மலை ஏறும் அவசரத்தில் இருப்பார்கள். கீழே ஊருக்குள் ஒரு வாரம் நடக்கும் கூத்து அவர்கள் கண்ணில் படுவதில்லை. உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசிய பையன்கள், கரி பூசிய ஆட்டோ டிரைவர்கள், புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்ட மீசைக்காரர்கள். தாத்தய்யகுண்ட கங்கம்மா கோயில் ஜாத்திரை இது. சித்தூர், குப்பம் பக்கங்களிலும் கங்கம்மா ஜாத்திரைகள் உண்டு. 2024 டிசம்பரில் வெளியான 'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் புடவை கட்டி ஆடிய பிறகு வட இந்தியாவுக்கும் இது தெரிந்துவிட்டது.

அதே பையன்களில் பலர் வருடத்தின் மற்ற வாரங்களிலும் வேடம் போடுகிறார்கள். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும். இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகத்தில் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகள். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன், 1999இல் எவர்குவெஸ்ட், 2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று இதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. 2010இல் வார்கிராஃப்டுக்கு மட்டும் 1.2 கோடி சந்தாதாரர்கள். "எந்நேரமும் வெட்டு, குத்து" என்று பெற்றோர் புலம்புகிறார்கள். ஜாத்திரையிலும் வெட்டு உண்டு. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

கங்கம்மா கதை சுருக்கமானது. ஊர்ப் பெண்களை வதைத்து வந்தான் ஒரு பாளையக்காரன். அவிலாலா கிராமத்தில் பிறந்து, திருப்பதியில் நெசவாளர்களான கைகாலர் வீட்டில் வளர்ந்த கங்கம்மாவிடமும் கை நீட்டினான். அவள் தன் சுயரூபத்தைக் காட்ட, பயந்து ஓடி ஒளிந்துகொண்டான். அவள் நாளுக்கொரு வேடத்தில் தேடினாள். பைராகி, பண்ட, தோட்டி. கடைசியில் துரை வேடம். பெரிய துரை வந்திருக்கிறார் என்று நம்பி அவன் வெளியே வந்தான். தலை போயிற்று.

முதலில் வேடம். வார்கிராஃப்டில் உடையும் ஆயுதமும்தான் அந்தஸ்து. சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று தரவாரியாக நிறம் உண்டு. பல வாரம் கூட்டாகப் போரிட்டு ஊதா நிறக் கவசம் சேர்ப்பார்கள். அடுத்த பாகம் விற்பனைக்கு வந்ததும் புது ஊரின் சாதாரணப் பச்சைக் கவசம் அதைத் தோற்கடித்துவிடும். மறுபடி முதலிலிருந்து. செக்குமாட்டு வேலைதான். 2012இல் வந்த கில்டு வார்ஸ் 2 இந்தச் செக்கை நிறுத்தியது. உச்சத் தர ஆயுதம் ஒருமுறை கிடைத்தால் வருடங்கள் கடந்தும் செல்லும். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினால் தொழிலே மாறிவிடும். மந்திரவாதி மறுநிமிடம் ஈட்டிக்காரன்.

கங்கம்மாவின் முறை இந்தக் கடைசி விளையாட்டுக்குச் சற்று நெருக்கம். பைராகிக்கு வெள்ளை, பண்ட வேடத்துக்குக் குங்குமச் சிவப்பு, தோட்டிக்குக் கரி. ஒன்றைவிட ஒன்று உசத்தி இல்லை. யாரும் எதையும் சேர்த்து வைப்பதும் இல்லை. வேண்டுதல் முடிந்ததும் குளித்தால் போய்விடும். நம் புறத்திணையில் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று போருக்கொரு பூச் சூடினார்களே, அது போல. பூ பலம் சேர்ப்பதில்லை. இன்னது நடக்கிறது என்று ஊருக்குச் சொல்கிறது.

இரண்டாவது, தேடல். எவர்குவெஸ்டில் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று ஆடுபவரே பேசிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வார்கிராஃப்ட் வேலை கொடுப்பவரின் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியை வைத்தது. வசதிதான். ஆனால் பத்துப் பன்றி கொன்று வா, பன்னிரண்டு தோல் கொண்டு வா என்று தேடல் கூலிவேலையாகிவிட்டது. இங்கிலாந்தில் 2001இல் உருவான ரூன்ஸ்கேப் பரவாயில்லை. அதில் ஒவ்வொரு தேடலும் தனிக் கதை, நகைச்சுவையோடு.

இந்த விளையாட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. "உலகைக் காக்கப் பிறந்தவன் நீ ஒருவனே" என்று லட்சக்கணக்கானவர்களிடமும் தனித்தனியே சொல்லப்படுகிறது. பக்கத்தில் நிற்பவரும் அதே ஒருவர்தான். இருவரும் க்யூவில் நின்று அதே அரக்கனைக் கொல்ல வேண்டும். திருப்பதியில் கணக்கு நேர்மாறு. ஆயிரம் பேர் வேடம் போட்டாலும் தேடுபவள் ஒருத்தி. அந்த ஆயிரம் பேரும் அவளுக்குக் கடன் கொடுத்த உடம்புகள்.

மூன்றாவது, சண்டை. எதிரியின் கோபத்தைத் தன் பக்கம் திருப்ப வசை பாடுவது வார்கிராஃப்ட் போர்வீரனின் முக்கிய வித்தை. ஜாத்திரையிலும் வேடக்காரர்களுக்கு வசை பாட உரிமை உண்டு. ஒளிந்திருப்பவனுக்கு ரோஷம் வர வேண்டுமே!

சாவுக்கு என்ன விலை என்பதில்தான் விளையாட்டுகள் வேறுபடுகின்றன. எவர்குவெஸ்டில் இறந்தவர் சேர்த்த அனுபவத்தில் ஒரு பகுதியை இழப்பார். ஆரம்ப வருடங்களில் உடைமைகள் பிணத்தோடு கிடந்தன. வெறுங்கையோடு ஓடிப்போய் மீட்க வேண்டியிருந்தது. வார்கிராஃப்டில் ஆவியாகக் கொஞ்சம் நடந்து, கவசத்தை ரிப்பேர் செய்தால் முடிந்தது. ஐஸ்லாந்துக்காரர்களின் ஈவ் ஆன்லைனில் அழிந்த கப்பல் அழிந்ததுதான். 2014 ஜனவரியில் அங்கே நடந்த ஒரே போரில் 75 ராட்சதக் கப்பல்கள் நாசம். உண்மைப் பணத்தில் சுமார் மூன்று லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். இழப்பு இருந்தால்தான் மனிதர்கள் யோசித்துச் சண்டைக்குப் போகிறார்கள், பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள், தூது அனுப்புகிறார்கள். ஈவ் ஆடுபவர்கள் போரிடும் நேரத்தைவிட ராஜதந்திரம் பேசும் நேரம் அதிகம் என்பது அவர்களே சொல்லிச் சிரிக்கும் விஷயம்.

பாளையக்காரன் ஒரே வீச்சில் செத்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் ஜாத்திரை விளையாட்டுகளிலிருந்து முற்றாகப் பிரிகிறது. மேலே சொன்ன பல விளையாட்டுகளில் அரக்கன் விழுந்ததும் அடுத்த காரியம் கொள்ளைப் பங்கீடு. வாள் உனக்கா எனக்கா என்ற தகராறில் நண்பர் குழுக்கள் உடைந்திருக்கின்றன. கங்கம்மா துரை வேடத்துக்கு மறுநாள் மாதங்கி வேடம் போடுகிறாள். எதற்கு? கொல்லப்பட்டவனின் மனைவிக்கு ஆறுதல் சொல்ல. பெண்களை வதைத்தவனுக்கு இரக்கமில்லை. ஆனால் அவனால் விதவையானவளும் ஒரு பெண்தானே. மாண்டவருக்காகக் கையறுநிலை பாடிய மரபில் வந்த நமக்கு இது புரியாததல்ல.

ஆண்கள் பெண் பாத்திரம் எடுப்பது இன்டர்நெட் விளையாட்டிலும் சகஜம். பெரும்பாலும் அழகு பார்க்க. அதே உலகங்களில் நிஜப் பெண்கள் வாய் திறந்து பேசினால் கேட்க வேண்டிய வசவுகளும் கொஞ்சமல்ல. திருப்பதியில் மீசைக்காரர் புடவை கட்டுவது, துரத்தப்பட்டவளின் பக்கம் நிற்பதாக நேர்ந்துகொண்டு.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை போட்டது. வேட விளையாட்டுகள் அந்த ரகமல்ல. அவை இருக்கத்தான் போகின்றன. போனைப் பிடுங்குவதைவிட, "யாரைக் கொன்றாய்? அவன் என்ன செய்தான்? செத்த பிறகு அவன் வீட்டில் என்ன ஆயிற்று?" என்று மகனைக் கேட்கலாம். மூன்றாவது கேள்விக்கு அந்த விளையாட்டைச் செய்தவர்களிடமே பதில் இருக்காது. கேள்வி மட்டும் பையனிடம் தங்கும்.

ஜாத்திரையின் கடைசி விடியலில் கோயில் முன் களிமண்ணால் செய்த அம்மனின் பெரிய முகத்தைக் கலைத்து, அந்த மண்ணைக் கூட்டம் முண்டியடித்து வாங்கிக்கொள்கிறது. ஒரு வாரத் தேடலுக்கும் ஒரு கொலைக்கும் பிறகு வீட்டுக்குக் கொண்டுபோவது அந்த ஒரு பிடி மண்தான்.