மூன்று காலில் வீடு திரும்பிய ஜீவன்



மும்பை சயான் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதம் என் முன்பாக இருக்கிறது. ஒரே அறையுள்ள வீடு, மேலே ஒரு பரண், இரவுப் பணிக்குப் போகிற கணவர், பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள். நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு மழைநாளில் வாசற்படியில் வந்து ஒண்டிய தெருநாய்க்குட்டி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. சென்ற மாதம் ஒரு டெம்போ அதன் பின்னங்காலின்மேல் ஏறிவிட்டது. பிள்ளைகள் மூன்று நாள் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். ஆனால் எலும்பு நொறுங்கி இரத்த ஓட்டமும் நின்றுவிட்டதால், காலை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எடுத்தும் ஆயிற்று. இப்பொழுது அந்த நாய் வீட்டில் இருக்கிறது.

சகோதரி மூன்று காரியங்களைக் கேட்கிறார். ஒரே அறையில் அதை எப்படிப் பராமரிப்பது? சபையில் ஒரு மூப்பர், "ஆலயக் கட்டடம் பாதியில் நிற்கும்போது நாய்க்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டாரே, அதற்கு என்ன பதில்? மூன்றாவது கேள்வி ஒன்பது வயது மகனுடையது: "நாங்கள் ஜெபித்தோமே, இயேசப்பா ஏன் காலைக் காப்பாற்றவில்லை?"

வசனத்துக்குப் பிறகு வருவோம். முதலில் உங்கள் வீட்டின் தரையைப் பார்ப்போம். நோவில் இருக்கிற ஜீவனுக்கு நம்முடைய வியாக்கியானம் வரும்வரை காத்திருக்க முடியாது. கால்நடை மருத்துவராகிய ஒரு சகோதரரிடம் விவரமாகக் கேட்டறிந்தே இதை எழுதுகிறேன். ஆகிலும் உங்கள் நாயை அறுத்த மருத்துவர் எழுதிக்கொடுத்ததே உங்களுக்கு முதல் கட்டளை.

நகரத்து வீடுகளில் டைல்ஸ் அல்லது மொசைக் தரை. மூன்று காலில் நிற்கப் பழகும் நாய்க்கு அது எண்ணெய் தடவிய பாறை. முதல் நாளிலேயே இரண்டு முறை சறுக்கி விழுந்தால், பின்பு எழும்பவே பயப்படும். ஆகையால் அது படுக்கிற இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் வாசலுக்கும் போகிற வழி முழுவதும் ரப்பர் அடிப்பாகமுள்ள மிதியடிகளை விரியுங்கள். வெறும் கோணிப்பையை விரித்தால் அதுவும் நாயோடு சேர்ந்து நழுவும், ஓரங்களை ஒட்டிவிடுங்கள். நகங்களை வெட்டி, பாதத்தின் அடியில் விரல்களுக்கிடையே வளர்ந்த மயிரையும் கத்தரித்துவிட்டால் பிடிமானம் கிடைக்கும். படுக்கை தடிப்பாகவும் தரையோடு தாழ்வாகவும் இருக்கட்டும். பரணுக்குப் போகிற ஏணியின் அடியைப் பெட்டி வைத்து அடைத்துவிடுங்கள்.

நாயின் சரீர பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களும் 40 சதவீதத்தைப் பின்னங்கால்களும் சுமக்கின்றன. ஆகவே பின்னங்காலை இழந்த நாய்க்குப் பழகுவது சற்று எளிது. முன்னங்காலை இழந்ததற்கு, முக்கியமாகப் படி இறங்கும்போது, அதிகப் பிரயாசம் உண்டு. "பாதம்தானே நசுங்கியது, தொடைவரை ஏன் எடுத்தார்கள்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டதாகவும் சகோதரி எழுதியிருக்கிறார். பாதிக் காலை விட்டுவைத்தால் நாய் அந்தக் கட்டையை ஊன்ற முயலும். தரையில் உராய்ந்து ஆறாத புண்ணாகும். அதனால்தான் பெரும்பாலும் உயரத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். அது மருத்துவருடைய அவசரமல்ல.

முதல் இரண்டு மூன்று இரவுகள் கடினமானவை. மயக்க மருந்தின் மிச்சமும் வலியும் சேர்ந்து நாய் முனகும், நடுங்கும், இடம் மாறி மாறிப் படுக்கும். எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை நாய் முனகும்வரை காத்திராமல் குறித்த நேரத்திலேயே கொடுங்கள். படுத்திருக்கும்போதும் இளைப்பது, உறங்காமலிருப்பது, தொட்டால் உறுமுவது, உணவை வெறுப்பது ஆகியவை வலியின் அடையாளங்கள். கண்டால் மருத்துவரை அழையுங்கள். இங்கே ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன்: வீட்டில் நமக்கென்று வைத்திருக்கிற குரோசின், புரூஃபென், டைக்ளோஃபினாக் எதையும் நாய்க்குக் கொடுக்கக்கூடாது. புரூஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குரோசினில் உள்ள பாராசிட்டமால் அதன் ஈரலைச் சிதைக்கும். "பாதி மாத்திரைதானே" என்ற இரக்கத்தினால் செத்த நாய்கள் உண்டு.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை குளிப்பாட்ட வேண்டாம். காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் காயத்தைப் பாருங்கள். முதல் சில நாட்கள் லேசான வீக்கமும், தோலில் ஊதா நிறக் கன்றலும் இருக்கலாம். சீழ், துர்நாற்றம், தையல் விரிதல், நிற்காத இரத்தம், நாள்தோறும் பெருகுகிற வீக்கம் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே போங்கள். ஒரு முழு நாள் ஒன்றும் உண்ணாதிருந்தாலும் அப்படியே. மழைக்காலத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். ஈரமும் ஈயும் அணுகாமல் காத்துக்கொள்ளுங்கள். நாய் நக்கினால் காயம் ஆறும் என்று ஊரில் சொல்லுவார்கள். நக்கினால் தையல் பிரிந்துபோகும். கழுத்தில் மாட்டக் கொடுத்த கூம்பு வடிவப் பிளாஸ்டிக்கைப் பரிதாபப்பட்டுக் கழற்றாதிருங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், சாம்பல் ஒன்றும் வேண்டாம். ஜெபித்து எண்ணெய் பூச விரும்புகிற விசுவாசிகள் நாயின் தலையிலே தொட்டுப் பூசட்டும், தையலின்மேல் அல்ல. கர்த்தர் இடத்தைப் பார்க்கிறவரல்ல.

சிறுநீர் கழிக்கக் கொண்டுபோகும்போது ஒரு நீளமான துண்டைப் பின் வயிற்றின் அடியில் கொடுத்து, இரு நுனிகளையும் மேலே பிடித்துக்கொள்ளுங்கள். ஆண் நாயானால் சிறுநீர் போகும் இடத்தைத் துண்டு அழுத்தாதபடி பாருங்கள். முழுப் பாரத்தையும் தூக்க வேண்டாம். விழாதபடி தாங்கினால் போதும். கழுத்தில் வார் இல்லாமல் வெளியே விடவே கூடாது. ஓட முடியாத நாயைத் தெருவின் மற்ற நாய்கள் விட்டுவைக்காது. முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிஷ நடை, ஒரு நாளில் சில முறை. ஓட்டமும் குதியும் படியும் இல்லை. தையல் பிரித்தபின் மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாய்க் கூட்டலாம். வலி மருந்துகளில் சில மலத்தைக் கட்டும். ஆகவே இரண்டு மூன்று நாள் மலம் போகாவிட்டால் உடனே கலங்க வேண்டாம். அதற்குமேல் போனால் கேளுங்கள்.

ஆகாரத்தில் நம் ஜனங்கள் செய்கிற தவறு அன்பினாலேயே வருகிறது. கால் போனதே என்று பிஸ்கட்டும் பிரியாணியும் ஊட்டி இரண்டு மாதத்தில் உருண்டையாக்கிவிடுகிறார்கள். மீதமுள்ள மூன்று கால்களின் மூட்டுகள்தானே அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும்? விலா எலும்பைக் கையினால் தடவி எண்ணக்கூடிய அளவில் நாய் இருக்கட்டும். மசாலாவும் வெங்காயமும் சேராத வெந்த கோழியிறைச்சியும் கொஞ்சம் சோறும் முதல் நாட்களுக்குப் போதும். வெங்காயம் நாய்க்கு விஷம். வெந்த எலும்பையும் போடாதிருங்கள். அது பிளந்து குடலைக் குத்தும்.

பிள்ளைகளைக்குறித்து ஒரு எச்சரிப்பு. வலியிலிருக்கிற நாய், தன்னை வளர்த்தவனையும் கடிக்கும். பெரியவர் இல்லாமல் சிறு பிள்ளையை அதன் காயத்தருகே விடாதிருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அதற்குப் போட்டாயிற்றா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீருமாய்ப் 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "வீட்டு நாய்தானே" என்று இருக்கக்கூடாது.

இனி மூப்பருடைய கேள்வி. வேதத்தில் நாய்க்கு நல்ல பேர் அதிகம் இல்லை என்பது மெய்யே. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் அது நகரத்துக்குப் புறம்பே நிற்கிறது. பிலிப்பியர் நிருபத்தில் பவுல் கள்ளப் போதகரை அந்தப் பேரால் அழைக்கிறார். ஆனால் மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் கானானிய ஸ்திரீயிடம் ஆண்டவர் பேசும்போது மூலபாஷையிலே வருகிறது வேறொரு சொல். வீட்டிலே வளருகிற சிறு நாயைக் குறிப்பது. நமது தமிழ் வேதாகமத்திலும் "நாய்க்குட்டிகள்" என்றுதான் இருக்கிறது. மேஜையின் அடியில் நாய்க்குட்டி இருக்கிற வீட்டை அந்த ஸ்திரீ அறிந்திருந்தாள், ஆண்டவரும் அறிந்திருந்தார். தன் மிருகத்தின் உயிரைக் கவனிக்கிறவனை நீதிமான் என்கிறது நீதிமொழிகள் 12:10. ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதை எவன் தூக்காமலிருப்பான் என்று கேட்டவர் நம்முடைய ஆண்டவரே. அன்றைக்கும் ஓய்வுநாள் பிரமாணத்தை எடுத்துக் காட்டுகிற மூப்பர்கள் சுற்றி நின்றார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். வட்டிக்கு வாங்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்தி இதைச் செய்யும்படி நான் யாருக்கும் ஆலோசனை கொடேன். மும்பை பரேலில் 1880களில் தொடங்கிய பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக மருத்துவமனை இருக்கிறது. பெங்களூரு ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு. டெல்லியில் டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்தின் அடியில் ஃபிரெண்டிகோஸ் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் பெருந்தொகை கேட்டால், இப்படிப்பட்ட இடங்களில் முதலாவது விசாரியுங்கள். ஒன்றுக்கும் வழியில்லாமல், மீளாத வேதனையிலிருக்கும் மிருகத்தை மருத்துவர் நோவில்லாமல் உறங்கப்பண்ண ஒப்புக்கொடுத்த குடும்பத்தையும் நான் குற்றவாளி என்று சொல்லேன். இந்தச் சகோதரியோ தையல் வேலை செய்து சேர்த்த பணத்தைச் செலவழித்திருக்கிறார். அதற்குக் கணக்குக் கேட்க மூப்பருக்கு அதிகாரம் இல்லை.

இப்பொழுது அந்தச் சிறுவன். தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். சுகமானவர்களைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதனாலேயே சொல்லுகிறேன்: "உன் விசுவாசம் போதவில்லை" என்று அந்தப் பிள்ளையிடம் ஒருவரும் சொல்லக்கூடாது. நம்முடைய சபைகளில் இந்த வார்த்தையினால் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஊன்றுகோலோடு வருகிற சகோதரனை ஒவ்வொரு விசேஷக் கூட்டத்திலும் முன்னே அழைத்துக் கைவைத்து ஜெபிக்கிறோம். அவன் கோலை எறியாவிட்டால் நம்முடைய முகம் வாடுகிறது. அடுத்த ஞாயிறு அவன் கடைசி வரிசையில் உட்காருகிறான். அதற்கடுத்த ஞாயிறு அவன் வருகிறதேயில்லை. அவன் காலினால் வராமற்போகவில்லை, நம்முடைய முகத்தினால் வராமற்போனான்.

சிறுவனுக்கு 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தைக் கதையாய்ச் சொல்லுங்கள். மேவிபோசேத் ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு காலும் முடமானவன். தாவீது அவனை அழைத்தபோது அவன் தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டுப் பேசினான். ராஜா அவனை மேஜையில் தன் குமாரரோடே உட்கார்த்தினார். அதிகாரம் முடிகிறபோதும் அவன் கால்கள் முடமாகவே இருந்தன என்று ஆவியானவர் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். மேஜை கிடைத்தது, கால் கிடைக்கவில்லை. ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்டால், எனக்கும் தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். அதனால் அவனுடைய விசுவாசம் கெட்டுப்போகாது. ஜெபத்தை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காயம் ஆறவும், நாய் பயமில்லாமல் எழும்பவும் இன்னும் ஜெபிக்க வேண்டியதிருக்கிறதே.

அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். தாயோ தகப்பனோ கூட இருக்கையில், துண்டின் ஒரு நுனியை அவன் பிடிக்கட்டும். நாய் சறுக்கினால் ஓடித் தூக்காமல், அடிபடவில்லை என்று கண்டபின் அது தானே எழும்ப ஒரு கணம் பொறுத்திருக்கக் கற்றுக்கொள்ளட்டும். எப்போதும் தூக்கிச் சுமக்கிற நாய் நடக்கப் பழகாது. பெரும்பாலான நாய்கள் இரண்டொரு நாளில் எழுந்து நிற்கும். ஒரு மாதத்துக்குள் புதிய நடைக்குப் பழகிவிடும். கால் போனதைக்குறித்து நாய் வெட்கப்படுகிறதில்லை. வாசலில் நின்று "ஐயோ பாவம்" என்கிறவர்களைக் கண்டும் வாலை ஆட்டும்.

தையல் பிரிக்கப் போகும் நாளில் டாக்சிக்குச் சில்லறையும், துண்டும், மருத்துவச் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கனத்த மழையானால் மருத்துவரிடம் கேட்டு ஒரு நாள் தள்ளிப்போடலாம். போய்வந்தபின் எனக்கு எழுதுங்கள். இந்த முறை கடிதத்தை மகன் எழுதட்டும்.