ரிஸ்பாள் விரித்த சாக்கு

தாவீதின் குடும்பக் கதை என்றால் பத்சேபாளும் அப்சலோமும்தான் நினைவுக்கு வருவார்கள். இம்முறை அவனுக்கு முன் அரசாண்ட சவுலின் வீட்டுப் பெண்ணொருத்தியைப் பார்ப்போம். சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள், 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் வருகிறாள்.

மூன்று வருடப் பஞ்சம். சவுல் கிபியோனியரைக் கொன்ற பழிக்காக, அவன் வாரிசுகள் ஏழு பேரைத் தாவீது அவர்களிடம் ஒப்புக்கொடுத்தான். தகப்பன் செய்ததற்குப் பிள்ளைகள்! யோனத்தானின் மகனை மட்டும், முன்பு இட்ட ஆணைக்காகத் தப்பவைத்தான். ஏழு பேரும் மலையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் இருவர் ரிஸ்பாள் பெற்றவர்கள்.

அவள் பாறையில் சாக்கு விரித்து இருந்துவிட்டாள். வாற்கோதுமை அறுவடை தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அண்டவிடவில்லை. தன் இருவருக்கு மட்டுமல்ல, ஏழு பேருக்கும் அவளே காவல். அவள் வாய்திறந்து பேசியதாக ஒரு சொல்லும் எழுதப்படவில்லை.

2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சியில் தெருவோரம் இருந்த தாய்மாருக்கும், 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய கிடங்கில் எலும்புகள் வெளிப்பட்டபோது நெஞ்சு பதைத்தவர்களுக்கும் ரிஸ்பாளை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

செய்தி அரசனுக்கு எட்டியது. அவன் யாபேசுக்குப் போய், சவுல், யோனத்தான் இருவரின் எலும்புகளைக் கொண்டுவந்தான். தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளும் சேர்க்கப்பட்டன. சவுலின் தகப்பனுடைய கல்லறையில் அடக்கம் நடந்தது. அதன் பின்பே, தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று எழுதியிருக்கிறது.