பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர்: கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், பெற்றோர் சங்கம், நகராட்சி நடுநிலைப் பள்ளி.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள். நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலர், நகராட்சி ஆணையர்.

பொருள்: பள்ளி வாயிலருகே பிள்ளைகளுக்கு விற்கப்படும் தின்பண்டங்கள், விளையாட்டு மைதானம் மற்றும் சில – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் சங்கத்தின் முந்தைய மனுக்கள், அவற்றுக்கு வந்த பதில்களும், வராத பதில்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சங்கம் மேற்படி பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கொண்டது. எந்தக் கட்சியையும் சாராதது.

முந்தைய மனுக்கள் கோப்பில் எங்கே இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாததால், அவற்றின் சாரத்தை மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

சென்ற கல்வியாண்டில் பள்ளி திறந்த வாரமே முதல் மனுவைக் கொடுத்தோம். வாயிலை ஒட்டி நிற்கும் தள்ளுவண்டிகளிலும் எதிர்வரிசைப் பெட்டிக்கடைகளிலும் என்னென்ன விற்கிறார்கள் என்று அதில் விவரமாக எழுதியிருந்தோம்: சரஞ்சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் மசாலாப் பாக்கெட்டுகள், குளிர்பானப் பாட்டில்கள், சாயம் கலந்த ஐஸ், காலையில் ஊற்றிய எண்ணெயிலேயே மாலை வரை பொரியும் காலிஃபிளவர். அந்த மனு ‘தக்க நடவடிக்கைக்காக’ உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. சாலையோர வண்டிகள் நகராட்சியின் பொறுப்பு என்று அங்கிருந்து பதில் வந்தது. உணவின் தரம் தங்கள் வேலையல்ல என்றது நகராட்சி. அடுத்த மனுவைக் கல்வித் துறைக்குக் கொடுத்தோம். வாயிலுக்கு வெளியே நடப்பது பள்ளியின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்றும், நல்ல உணவுப் பழக்கத்தைப் பெற்றோர் வீட்டிலேயே கற்றுத்தர வேண்டும் என்றும் பதில் கிடைத்தது. மூன்றாவது மனுவுக்கு ரசீது மட்டும் இருக்கிறது.

கல்வித் துறையின் அறிவுரையை நாங்கள் தள்ளவில்லை. டிபன் பாக்ஸில் கீரையும் பயறும் வைத்து அனுப்புகிற தாய்மார்கள் எங்கள் சங்கத்தில் உண்டு. சமைக்க நேரமில்லாமல் ஐந்து ரூபாயைக் கையில் திணித்து அனுப்புகிறவர்களும் உண்டு. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாயில் வழியாகத்தான் வெளியே வருகிறார்கள். அந்த வாயிலின் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

அந்தச் சட்டம் வருமாறு. பள்ளிப் பிள்ளைகளுக்கான பாதுகாப்பான உணவு மற்றும் சரிவிகித உணவு குறித்த ஒழுங்குமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் அரசிதழில் வெளியிட்டது. அவை 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நிறைகொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவை மிகுந்த உணவுப் பொருட்களைப் பள்ளி வளாகத்திலோ, பள்ளி வாயிலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. இலவசமாகக் கொடுக்கவும் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது. இந்தத் தடையைச் சொல்லும் அறிவிப்புப் பலகையை வாயிலில் வைக்க வேண்டியது பள்ளி நிர்வாகத்தின் கடமை. இது யாரோ ஒருவர் அவசரத்தில் எழுதிய விதியும் அல்ல. 2010-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கும், அதில் 2015-இல் பிறந்த உத்தரவும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆகவே ‘வாயிலுக்கு வெளியே’ என்ற பதிலை இனி ஏற்பதற்கில்லை. வாயிலுக்கு வெளியே இருக்கும் 50 மீட்டரைப் பற்றித்தானே விதியே!

இதற்குச் சொல்லப்படும் தடைகளையும் அறிவோம். ‘எந்தப் பொருளில் சர்க்கரை மிகுதி, எதில் உப்பு மிகுதி என்று நாங்கள் எப்படி முடிவு செய்வது?’ என்று ஒரு அலுவலர் எங்களிடமே கேட்டார். பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்கலாம். ஊட்டச்சத்து விவரம் அங்கே அச்சிட்டிருக்கிறது. வழக்கமான இனிப்புக் குளிர்பானத்தில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லிலிட்டர் பாட்டிலைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை 25 கிராமுக்கு மேல் சர்க்கரையை விழுங்கியிருக்கிறது. வளர்ந்தவர்களே ஒரு நாளில் அந்த அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது மிகுதியா இல்லையா என்று முடிவு செய்ய ஆய்வகம் தேவையில்லை. காய்ந்த எண்ணெய்க்கும் அளவுகோல் உண்டு: மொத்த போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது. எங்கள் வாயிலில் அதை யாரும் அளந்து பார்த்ததில்லை.

‘தள்ளுவண்டிக்காரர்களின் பிழைப்பு’ என்பது அடுத்த தடை. அந்த வண்டிக்காரர்களில் சிலருடைய பிள்ளைகள் இதே பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களை விரட்டும்படி எந்த மனுவிலும் நாங்கள் கேட்கவில்லை. அதே வண்டியில் கொய்யா, நெல்லிக்காய், அவித்த கடலை, சுண்டல், பனங்கிழங்கு விற்கலாம். இவையெல்லாம் இந்த வாயிலில் விற்றுக்கொண்டிருந்தவைதாம். தொங்கும் பாக்கெட்டுகள் பின்னால் வந்தவை. பண்டத்தை மாற்றிக்கொள்ளும் வண்டிகளுக்கு வாயிலருகே இடம் ஒதுக்குங்கள். மாற்றிக்கொள்ளாதவர்களுக்கு 50 மீட்டருக்கு அப்பால் இடம் காட்டுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழு இதற்குத்தான் இருக்கிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் காட்டும் முன்னுதாரணம் அதே தெருவில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டப்படி கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் சிகரெட், பீடி விற்கக் கூடாது. அதற்காக டேப் பிடித்து அளந்தார்கள், சாலையில் மஞ்சள் கோடு போட்டார்கள், சுவரில் எழுதினார்கள். எதிரிலுள்ள பெட்டிக்கடையில் இன்று சிகரெட் கிடைப்பதில்லை. 100 கஜம் என்பது 91 மீட்டர். 50 மீட்டர் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அளந்த தெருவை மறுபடி அளக்கக்கூட வேண்டாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து இன்னொரு கோடு போட்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1982 முதல் சத்துணவு, 2022 முதல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு என்று அரசு செலவழிக்கிறது. அந்த உணவைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. வீட்டில் முட்டை காணாத பிள்ளைகள் அங்கே காண்கிறார்கள். ஆனால் இடைவேளையில் இரண்டு பாக்கெட் தின்ற பிள்ளை மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுகிறது. உள்ளே அரசு போட்ட சோறு குப்பைத் தொட்டிக்குப் போவதற்கு, வெளியே அரசு கண்டுகொள்ளாத வியாபாரம் காரணம்.

ஆகவே எங்கள் முதற்கோரிக்கை: வாயிலிலிருந்து 50 மீட்டரை அளந்து கோடு போட வேண்டும், வாயிலில் தமிழில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், அந்த எல்லைக்குப் பொறுப்பான ஒரே அலுவலரைப் பதவி குறிப்பிட்டு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மூன்று அலுவலகங்கள் சேர்ந்து பொறுப்பேற்றால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவதாக, மைதானம். வகுப்பறை கட்டியபோது இறக்கிய ஜல்லியும் கம்பியும், கட்டடம் திறந்த பிறகும் மைதானத்தில் பாதியை அடைத்துக் கிடக்கின்றன. பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை. மைதானம் இல்லாமல் பள்ளி இருக்க முடியாது என்று, ஹரியானாவில் பள்ளி நில ஆக்கிரமிப்பு தொடர்பான வழக்கில் 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கூறியது. ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. எங்கள் பள்ளியின் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் வாரத்தில் மூன்று அரைநாள் வருகிறார். கிடைக்கும் பி.டி. பீரியடையும் ‘போர்ஷன் முடியவில்லை’ என்று கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஜல்லியை அகற்ற வேண்டும், பி.டி. பீரியடில் வேறு பாடம் நடத்துவதில்லை என்று தலைமையாசிரியர் வழியாக உறுதி வேண்டும்.

மேலும், கீழ்க்கண்டவற்றையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்:

மூன்று, மாணவர்களின் உயரமும் எடையும் ஆண்டுதோறும் அளக்கப்பட்டு, விவரம் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படல் வேண்டும்.

நான்கு, குடிநீர்த் தொட்டி மாதந்தோறும் கழுவப்பட்டு, தேதி எழுதப்படல் வேண்டும்.

ஐந்து, மாணவியர் கழிப்பறையின் கதவுகள் பழுதுபார்க்கப்படல் வேண்டும். (கழிப்பறைக்குப் போகத் தயங்கி மாணவியர் தண்ணீர் குடிக்காமலிருப்பது எல்லோருக்கும் தெரியும்.)

ஆறு, ஸ்கிப்பிங் கயிறு, பந்து முதலிய விளையாட்டுப் பொருட்கள் பீரோவிலிருந்து வெளியே எடுக்கப்படல் வேண்டும்.

இவற்றில் எதையும் செய்ய இப்போது நிதி இல்லை என்றால் காத்திருக்கிறோம். முதற்கோரிக்கைக்கு நிதியே தேவையில்லை. ஒரு டேப்பும் ஒரு டப்பா பெயின்டும் ஒரு பலகையும் போதும். நிதி இல்லை என்றால் அவற்றை எங்கள் சங்கமே வாங்கித் தரும். கோடு போடும் அதிகாரம்தான் எங்களிடம் இல்லை.

முந்தைய மனுக்களின் நகல்களும் ரசீதுகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இம்மனுவையும் ‘தக்க நடவடிக்கைக்காக’ வேறு அலுவலகத்துக்கு அனுப்பாமல், சம்பந்தப்பட்ட மூன்று துறை அலுவலர்களையும் ஒரே நாளில், பள்ளி விடும் மாலை நான்கு மணிக்கு, வாயிலுக்கு அழைத்து வருமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்க உறுப்பினர்களின் கையொப்பங்கள் தனித்தாளில்)