பெயின்டுக்கு முன்னாடி கம்ப்ரஸர்

எங்க ரெஸ்டோரேஷன் டீம்ல கையில காசு வந்தா முதல்ல பெயின்ட்தான் வாங்குவோம். போட்டோவுல அதுதானே தெரியும்? ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாங்கலாம்னு யாராவது சொன்னா, "இருக்கிறதை வச்சு பண்ணிக்கலாம்டா" என்று பதில் வரும். அப்படிச் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன்.

நாங்க பிரிச்சுப் போட்டிருக்கிறது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1959-ல இங்கிலாந்துல வந்த டிரையம்ப் ஹெரால்டோட இந்திய வடிவம், நம்ம மெட்ராஸ் பக்கத்துல வண்டலூர்ல தயாரானது. முன்பக்கம் ஷாக் அப்சார்பரைச் சுத்தி காயில் ஸ்பிரிங். மேல 3 நட், கீழ ஒரு போல்ட் கழட்டினா மொத்த செட்டும் கையோட வந்துடும். மேல நடுவுல இன்னொரு நட் இருக்கும். அமுங்கின ஸ்பிரிங்கைப் பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான். கம்ப்ரஸர் மாட்டாம அதுல ஸ்பேனர் வைக்கவே கூடாது.

அரை கே எக்ஸ் ஸ்கொயர்னு நாம எல்லாரும் எழுதி மார்க் வாங்கியிருக்கோம். ஒரு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் கேட்கிற ஸ்பிரிங் 100 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தா, உள்ள 125 ஜூல் இருக்கும். ஒரு முழு கேஸ் சிலிண்டர் சுமார் ஒன்றரை அடி உயரத்திலிருந்து கால்ல விழுற மாதிரி. இந்தக் கணக்கை நான் போட்டது, சம்பவம் நடந்த பிறகு.

எங்ககிட்ட இருந்தது கொக்கி வச்ச ரெண்டு நீள போல்ட், பெரிய ஸ்பிரிங்குக்கானது. ஹெரால்டு ஸ்பிரிங் ஒல்லி. கொக்கி கம்பியில சரியா உட்காரல. நான் பொறுமையில்லாம இம்பாக்ட் கன்னை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிட்டே போனேன். ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சது. அடுத்த நொடி கொக்கி நழுவி, போல்ட் பறந்து பெயின்ட் டப்பாவுல ஓட்டை போட்டுச்சு. நட் சைஸ் பார்க்க அதே இடத்துல குனிஞ்சிருந்த ஜூனியர் அப்பத்தான் நிமிர்ந்திருந்தான். "ஒண்ணும் ஆகலண்ணா"ன்னு சிரிச்சான். எனக்குக் கை நடுங்கிடுச்சு.

இன்னொரு போல்ட்ல பாதி அமுங்கி நின்ன ஸ்பிரிங்கை என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. ஒர்க்‌ஷாப் அண்ணன் வந்து, சுத்துகளுக்கு நடுவுல சங்கிலியைக் கோத்துக் கட்டி, பக்கவாட்டில் நின்னு கை ஸ்பேனரால மெதுவா இளக்கினார். "மரையைப் பாரு தம்பி, அரைச்சு வச்சிருக்க" என்றார். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு த்ரெட்டுக்கு மரைன்னு ஒரு சொல் இருக்கிறதே அன்னைக்குத்தான் தெரியும்.

அதனால என் கருத்து இதுதான்: ஸ்பிரிங்கைக் கையில வச்சுப் பார்த்துட்டுக் கம்ப்ரஸர் வாங்குங்க. கொக்கியோட வாய் கம்பித் தடிமனுக்குப் பொருந்தணும், நழுவாம இருக்கப் பின் பூட்டு இருக்கணும். மாட்டும்போது நேர் எதிரெதிரா, முடிஞ்ச அளவு அதிக சுத்துகளை அடக்கி மாட்டணும். மரைக்கு கிரீஸ். இந்தப் பக்கம் ரெண்டு திருகு, அந்தப் பக்கம் ரெண்டு திருகு, கையாலதான். ஸ்பிரிங் சீட்டுல லேசா ஆடினதும் நிறுத்திடணும். சுத்தும் சுத்தும் ஒட்டுற வரைக்கும் அமுக்கத் தேவையே இல்ல. ஸ்பிரிங்கோட ரெண்டு முனைக்கும் நேரா யாரும் நிக்கக் கூடாது. வண்டிக்குள்ளேயே, ரெண்டு விஷ்போனுக்கு நடுவுல ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற கார்களும் உண்டு. அதுக்கு ஸ்பிரிங்குக்கு உள்ளே நுழையுற வேற மாதிரி டூல் வேணும், இதை வச்சு முயற்சி பண்ணாதீங்க.

"ஷெட்ல கயித்தைக் கட்டியே கழட்டுறாங்களே"ன்னு கேட்பீங்க. நானும் அதே கேள்வியை அண்ணன்கிட்ட கேட்டேன். பதில் சொல்லாம இடது கை ஆள்காட்டி விரலைக் காட்டினார். நுனி இல்ல.

போன மாசம் ஸ்டிக்கருக்கு ஒதுக்கின பணத்துல சரியான செட் வாங்கிட்டோம். இடது பக்கம் முடிஞ்சது. வலது பக்கம் இந்த சனிக்கிழமை. வர்றவங்க ஷூவும் கண்ணாடியும் போட்டுட்டு வாங்க. இம்பாக்ட் கன் அண்ணன் அலமாரியில பூட்டிக் கிடக்கு, சாவி கேட்காதீங்க.