பச்சை மர மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

திருவண்ணாமலை நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்குள் நுழைந்த பாம்புகளை மீட்டு வனத்துறையிடம் ஒப்படைக்கும் வேலையைச் செய்து வருகிறோம். பாம்பு வந்துவிட்டது என்று பதறி அழைப்பவர்களுக்கு நடுவே இப்போது பாம்பு வாங்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். கைபேசியில் பச்சை மர மலைப்பாம்பின் படத்தைக் காட்டி, "கடிக்குமா? பழகுமா?" என்கிறார்கள்.

கடிக்கும். நாய் பழகுவதுபோல் பழகாது. வாங்க வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. காரணத்தைச் சொல்லாமல் மிரட்டி அனுப்புவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆர்வத்தோடு வருகிறவருக்கு முழு விவரமும் தெரிய வேண்டும்.

நியூகினித் தீவிலும் அதையொட்டிய சிறு தீவுகளிலும் ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் முனையிலும் வாழும் பாம்பு இது. வளர்ந்தது ஏறக்குறைய ஐந்தடி இருக்கும். குட்டிகள் மஞ்சளாகவோ செங்கல் நிறத்திலோ பிறந்து, மாதங்கள் செல்லச் செல்லப் பச்சைக்கு மாறும். பகலெல்லாம் கிளையில் சுருண்டு, சுருளின் நடுவே தலையை வைத்துக் கிடக்கும். அந்த அசையாத கோலத்தைப் பார்த்துத்தான் சாதுவான பாம்பு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இருட்டியதும் தலையைக் கீழே தொங்கவிட்டு, கழுத்தைப் பின்னுக்கு மடித்து இரைக்குக் காத்திருக்கும். உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும். அந்த நேரத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கூண்டுக்குள் நீளும் கை, சூடாக அசையும் ஒரு பொருள். அது எலியா, மனிதக் கையா என்று பாம்பு நின்று யோசிக்காது.

இரை என்று நினைத்துக் கடித்தால் பற்களைப் பதித்து, உடலையும் சுற்றிக்கொண்டு விடாது. பயந்து கடித்தால் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் பின்வாங்கும். இரண்டுக்கும் கோபம் என்று பெயர் வைப்பது தவறு. மர மலைப்பாம்பின் முன்பற்கள் நீளமானவை, உள்நோக்கி வளைந்தவை. கையை வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழியும். பல்லின் நுனி ஒடிந்து சதைக்குள் தங்கி, பிறகு சீழ் பிடிக்கும். நஞ்சு கிடையாது. கையிலோ காலிலோ படும் இந்தக் கடியால் உயிருக்கு ஆபத்து வருவது மிக அரிது. ஆனால் முகத்துக்கருகே பாம்பைப் பிடித்துப் படம் எடுப்பவருக்குக் கண்ணே போகலாம். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் எந்தப் பாம்பையும் தோளில் போட்டுப் படமெடுக்க விடுவதை நாங்கள் எதிர்ப்பது இதனாலும்தான்.

குணம் பாம்புக்குப் பாம்பு மாறும் என்பது உண்மை. முறையான பண்ணையில் முட்டையிலிருந்து வளர்ந்து, பகலில் மட்டும், கொக்கியால் மெல்லத் தொட்டு உணர்த்தியபின் நகர்த்தப்படும் பாம்பு மனிதனைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. சிறு குட்டியைப் பழக்குகிறேன் என்று கிளையிலிருந்து பிய்த்து எடுப்பவர்கள் அதன் வாலையும் முதுகெலும்பையும் முறித்துவிடுகிறார்கள்.

வாங்குபவருக்கு வந்து சேர்வது பண்ணைக் குட்டிதானா என்பதே சந்தேகம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, பண்ணையில் பிறந்தவை என்று சொல்லி இந்தோனேசியாவிலிருந்து ஏற்றுமதியான பச்சை மர மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடிக்கப்பட்டவை என்று காட்டியது. காட்டில் பிடிபட்டு, பைக்குள் அடைபட்டு, ஒட்டுண்ணியோடும் நீர்வற்றிய உடலோடும் வரும் பாம்பு பயத்தில் கடிக்கத்தான் செய்யும். அதற்கு முன்கோபி என்ற பட்டம் வேறு கிடைக்கிறது. மழைக்காட்டு ஈரத்துக்குப் பிறந்த இந்த உயிர் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கோடையை, அதுவும் மின்வெட்டு நேரத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் எப்படித் தாங்கும்?

மலைப்பாம்புகள் எந்த வழியாக நம் மாநிலத்துக்குள் வருகின்றன என்பதற்குச் செய்தித்தாள்களே சாட்சி. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகள் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். அப்படிப் பிடிபடாமல் தப்பி வந்ததுதான் உங்களுக்குக் கைபேசியில் விலை பேசப்படுகிறதா என்பதை உறுதிசெய்ய வழியே இல்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில், அழிந்துவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் அடங்கிய அயல்நாட்டு உயிரினங்கள் சேர்க்கப்பட்டன. பச்சை மர மலைப்பாம்பும் அதில் அடக்கம். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். குட்டி பொரித்தாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். முறையாகப் பதிவு செய்து நன்றாகப் பராமரிப்பவரை நாங்கள் குற்றவாளி என்று சொல்லவில்லை. நம் நாட்டு மலைப்பாம்போ முதல் அட்டவணையில் உள்ளது. அதை வீட்டில் வைத்திருப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கடியைவிட எங்களுக்குக் கவலை தருவது மறைப்பு. ரசீது இல்லாத பாம்பு கடித்தால் வீட்டில் சொல்ல முடியாது, மருத்துவரிடமும் சொல்லத் தயக்கம். ஆணி கிழித்தது என்று சொல்லிக் கட்டுப்போட்டு வந்தால், உள்ளே தங்கிய பல்லை யாரும் தேட மாட்டார்கள். ஏதோ பாம்பு என்று மட்டும் சொன்னால், மருத்துவர் நஞ்சுக்கடியாக இருக்குமோ என்று ரத்த உறைதலைச் சோதித்து மணிக்கணக்கில் கண்காணிக்க வேண்டிவரும். நஞ்சுமுறி மருந்தைத் தேவையில்லாமல் ஏற்றினால் அதுவே ஒவ்வாமை தரலாம். ஆகவே கடி பட்டவர் நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்று.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. மலைப்பாம்பைக் கையில் எடுத்துப் பழகியவர், வயல் வரப்பில் கிடக்கும் கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்து எடுக்கிறார். இரண்டுக்கும் பருத்த உடல், பழுப்புத் திட்டுகள். பச்சையாகக் கிளையில் சுருண்டிருப்பதெல்லாம் மர மலைப்பாம்பும் அல்ல. தமிழகக் காடுகளில் மூங்கில் குழிவிரியன் அப்படித்தான் கிடக்கும், அதற்கு நஞ்சு உண்டு. காட்டிலோ வயலிலோ கண்ட எந்தப் பாம்பையும் கையால் எடுக்காதீர்கள்.

வளர்த்துச் சலித்தவர்கள் பாம்பை மலையில் கொண்டுபோய் விடுவதைப் புண்ணியமாக நினைக்கக்கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்புப் பாம்பாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புக் காட்டில் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. அவற்றோடு வந்த ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி உள்ளூர்ப் பாம்புகளுக்கும் பரவியது. 2017-இல் அந்த மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் அழைக்கப்பட்டார்கள். பச்சை மர மலைப்பாம்பு நம் வறண்ட மலையில் பெருகாமல் போகலாம், ஆனால் அது சுமந்துவரும் நோய்க்கிருமி நம் பாம்புகளுக்குத் தொற்றிவிடலாம். பல பத்தாண்டுகளாகக் கன்று நட்டு, தீயைத் தடுத்து மீட்டெடுத்த அண்ணாமலைக் காட்டில் அந்தச் சோதனையை அனுமதிக்க முடியாது.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதிவு செய்யவோ ஒப்படைக்கவோ மாவட்ட வன அலுவலகத்தை அணுகுங்கள். விண்ணப்பம் நிரப்பவும் அலுவலகத்துக்குக் கூட வரவும் எங்கள் தன்னார்வலர்கள் தயார். ஒப்படைக்கும்வரை கூண்டைப் பூட்டி வையுங்கள், இருட்டியபின் திறக்காதீர்கள், இரையை நீண்ட இடுக்கியால் கொடுங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் தனியாக விடாதீர்கள். கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காமல், வாலிலிருந்து தொடங்கிச் சுற்றைப் பிரித்து, குளிர்ந்த நீரை அதன் தலைமேல் ஊற்றுங்கள். விட்டதும் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசிக்குப் புறப்படுங்கள்.

வனத்துறையிடம் எங்கள் கோரிக்கை ஒன்று உண்டு. ஒப்படைக்கப்படும் அயல்நாட்டுப் பாம்புகளை வைத்துப் பராமரிக்க இந்த மாவட்டத்துக்கென ஓர் இடத்தை அறிவிக்க வேண்டும். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாதவர்தான் இரவில் சாக்குப்பையோடு மலையடிவாரத்துக்குப் போகிறார்.